வைக்கோலுக்கு அடியில் உளுந்து

உளுந்து முளைத்த வயலில் வைக்கோல் கட்டும் பேலரை ஓட்டுவதென்றால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். மற்ற வயல் என்றால் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். டிராக்டருக்குப் பின்னால் பேலர் வைக்கோலை வாரும், உருட்டும், கட்டு நிறைந்ததும் மணியடிக்கும். நான் நிறுத்துவேன். நூல் சுற்றும், கதவு திறக்கும், கட்டு உருண்டு விழும். மறுபடி கிளம்பவேண்டியதுதான். உளுந்து வயலில் அந்த நிம்மதி கிடையாது.

எங்கள் பக்கத்தில் சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் பனியும் அதற்குப் போதும். பிறகு அறுவடை மிஷின் வரும். டயருக்குப் பதில் செயின் போட்ட மிஷின். அது நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வரிசை வரிசையாக முளைக்கு மேலேயே துப்பிவிட்டுப் போகும். அந்த வைக்கோலைச் சீக்கிரம் எடுக்காவிட்டால் முளை வெயில் படாமல் வெளுத்து, நீண்டு, சாய்ந்து செத்துப்போகும். எடுப்பதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். எடுக்கிற அவசரத்தில் நானே அதைக் கொன்றுவிடவும் முடியும். டயர் மிதித்தால் போச்சு. பேலரின் பல் மண்ணைத் தொட்டால் முளை வேரோடு பிய்த்துக்கொண்டு கட்டுக்குள் போய்விடும்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். டிராக்டரும் பேலரும் அவர் வாங்கிக் கொடுத்தது என்று ஊர் சொல்லும். வாங்க வைத்தது நான். முதல் வருஷம் ஓட்டுவதற்கு ஆள் வைத்தோம். அந்த மனுஷன் பாதி நாள் வரமாட்டார், வந்த நாளில் எதையாவது உடைப்பார். கோபத்தில் ஒருநாள் நானே ஏறி உட்கார்ந்தேன், அப்புறம் இறங்கவில்லை. பொம்பளை மிஷின் ஓட்டுகிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இப்போது போன் போட்டு நாள் கேட்கிறார்கள். எனக்கு வாய் நீளம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் அளவாகப் பேசுவார்கள்.

நான் சொல்ல வந்தது கூத்தாநல்லூருக்குக் கிழக்கே இருக்கும் ஒரு வயலைப் பற்றி. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். அதைப் பயிர் செய்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் வீட்டில் எல்லோரும் அதே வயலில் கூலிக்கு நட்டவர்கள், களை பறித்தவர்கள். நிலக்காரர் சென்னையோடு போய்விட்டதால் வயலை இவரிடம் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். அதுவும் அரை மனதாக, ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி. அந்த ஒரு வருஷம் பார்த்து மார்கழி மழை பூத்துக்கொண்டிருந்த நெல்லில் அடித்தது. பாதி பதராகிவிட்டது. மாசிக் கடைசியில் நிலக்காரர் வருவதாக இருந்தது. அவர் வந்து நிற்கும்போது உளுந்து பச்சையாக நின்றால் அடுத்த குறுவை நெல்லுக்கும் வயல் இவரிடமே இருக்கும். இல்லையென்றால் கேட்டுக்கொண்டிருந்த வேறு ஆளிடம் போய்விடும். இதையெல்லாம் அந்த அம்மாவே எனக்குப் போனில் சொன்னார். அழுகை கிழுகை எதுவும் இல்லை, பஸ் நேரம் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

நாங்கள் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பனி விலகவில்லை. நாங்கள் என்றால் நானும் என் கொழுந்தனும். பேலருக்குப் பின்னால் நடந்து நூலைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதைவிட அவருக்குப் பிடித்த வேலை போனில் வானிலை பார்ப்பது.

"சாயங்காலம் மழைங்குது அண்ணி."

"அது தெனமும்தான் சொல்லுது."

சொல்லிவிட்டேனே தவிர, கிழக்கே வானம் எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு கை வைக்கோலை எடுத்து முறுக்கிப் பார்த்தேன். பட்டென்று ஒடியவில்லை, கயிறாக வளைந்தது. ஈர வைக்கோலைப் போட்டால் பேலரின் உருளையில் சுற்றிக்கொள்ளும். அறுத்து எடுப்பதற்குள் பொழுது போய்விடும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்களுக்கு முன்பே வயலில் இருந்த அந்த அம்மா காத்திருக்கவில்லை. வரிசை வரிசையாகப் போய் வைக்கோலைக் கொஞ்சம் தூக்குவார், பார்ப்பார், பழையபடி மூடுவார். நானும் ஒரு இடத்தில் தூக்கிப் பார்த்தேன். முளை சேமியா மாதிரி வெளுத்துக் கிடந்தது. நுனியில் இரண்டு இலை விரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு எடுத்துட்டா பொழச்சுக்கும்லக்கா?" என்று கேட்டார்.

"வெயில் பட்டா பச்ச புடிச்சுக்கும். இன்னிக்கு எடுத்தா."

மழை நனைத்துவிட்டால் வைக்கோல் பாயாகப் படிந்து முளையை அழுத்திக்கொள்ளும், அப்புறம் அடியில் அழுகல்தான். அவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வரப்பிலிருந்து இறங்கி மேட்டுப் பக்கத்தில் குதிகாலை ஊன்றிப் பார்த்தேன். மண் மெழுகு பதத்தில் இருந்தது. டிராக்டர் தாங்கும்.

"தண்ணி ஏதும் வச்சீங்களா?"

"இல்லீங்கக்கா."

பேலரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் எதுவும் நினைக்கவில்லை.

வெயில் ஏறி வைக்கோல் ஒடிய ஆரம்பித்ததும் டிராக்டரோடு இறங்கினேன். அறுவடை மிஷினின் செயின் ஓடிய தடம் இரண்டும், நடுவில் வைக்கோல் வரிசையும் இருக்கும். டிராக்டரின் டயர் இரண்டையும் அந்தத் தடத்துக்குள்ளேயே ஓட்ட வேண்டும். அங்கே முளை ஏற்கெனவே செத்துவிட்டது, இன்னொரு முறை மிதிப்பதில் நஷ்டமில்லை. தடத்தை விட்டு ஒரு சாண் விலகினாலும் உயிரோடு இருப்பதைக் கொல்கிறேன் என்று அர்த்தம். கழுத்து ஒரு தடவை முன்னாலும் ஒரு தடவை பின்னாலும் திரும்பிக்கொண்டே இருந்தது. முதல் கட்டு நிறைந்து மணியடித்தது. நிறுத்தினேன். நூல் சுற்றிக் கட்டு விழுந்தது.

அந்த அம்மா ஓடி வந்து கட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். வைக்கோலை விலக்கி விலக்கி எதையோ தேடினார். பிறகு எழுந்து உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார். மண் ஒட்டிய வேரோடு நாலைந்து முளைகள் இருந்தன.

இறங்கிப் பற்களை ஒரு துளை உயர்த்தி மாட்டினேன். அடுத்த கட்டில் முளை வரவில்லை, ஆனால் வரிசைக்கு அடியில் வைக்கோல் தங்கிவிட்டது. அது தங்கினால் எடுத்தும் எடுக்காத மாதிரிதான்.

"கட்டு வாங்க வர்ற வியாபாரி பாத்தா கத்துவாரு அண்ணி. பாதி வைக்கோல் தரையிலயே கெடக்கு" என்றார் கொழுந்தன்.

"கத்தட்டும். நீ மொளயப் பாரு."

இரண்டு துளைக்கும் நடுவில் துளை கிடையாது. ஒரு நட்டுக்கு அடியில் பழைய வாஷர் இரண்டைச் செருகி நடுவான உயரத்தைப் பிடித்தேன். கியரைக் குறைத்தேன். வேகம் குறைந்தால் பல் குதிக்காது, குதிக்காவிட்டால் மண்ணைத் தொடாது. கட்டு விழுந்ததும் அந்த அம்மாவும் அவர் தெருவிலிருந்து வந்திருந்த நாலைந்து பெண்களும் அதை உருட்டாமல் இரண்டு பேராகத் தூக்கி, செயின் தடத்திலேயே நடந்து வரப்புக்குக் கொண்டுபோனார்கள். கட்டு உருண்டால் அது போகிற வழியெல்லாம் முளை நசுங்கும். ஒவ்வொரு கட்டிலும் அவர் விரலை விட்டுத் துழாவுவதும் நான் சீட்டில் இருந்து அவர் முகத்தைப் பார்ப்பதுமாக மத்தியானம் வரை போயிற்று. முளை இல்லை என்று அவர் தலையை ஆட்டினால்தான் அடுத்த கட்டுக்குக் கிளம்புவேன். சாப்பாட்டுக்கு இறங்கவில்லை, பசியும் தெரியவில்லை.

பாதி வயலுக்கு மேல் முடிந்திருந்தது. கிழக்கே வானம் கறுத்துவிட்டது. வியாபாரி நாமக்கல் பக்கத்துக்காரர், லாரியோடு மன்னார்குடியில் நின்றுகொண்டு போன்மேல் போன் போட்டார். நான் எடுக்கவில்லை. மேட்டுப் பக்கத்து வரிசைகளை முடித்துப் பள்ளத்துப் பக்க வரிசைக்குள் நுழைந்தேன். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்று. திடீரென்று வலது பின்சக்கரம் கீழே போனது. சீட்டோடு நான் ஒரு பக்கமாகச் சரிந்தேன்.

கிளட்சை மிதித்தேன். பேலரின் ஓட்டத்தையும் நிறுத்தினேன். சத்தமெல்லாம் அடங்கியது.

"ஒரு ரேஸ் குடுங்க அண்ணி, ஏறிடும்."

"ரேஸ் குடுத்தா சக்கரம் சுத்துன எடத்துலயே குழி பறிக்கும். பேசாம இரு."

இறங்கினேன். கால் விரல்களுக்கு நடுவில் சேறு பிதுங்கியது. பக்கத்து வரிசை வைக்கோலைத் தூக்கினேன். மேலே மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அடியில் மண் களியாகக் கிடந்தது. இது பனியால் வந்த ஈரமில்லை. நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முந்தாநாளு மடைய லேசாத் தொறந்து விட்டேங்கக்கா. மொளயெல்லாம் வாடுன மாதிரி இருந்துச்சு. மேலாக நனையட்டும்னுதான் விட்டேன். தண்ணி பூராவும் இங்க வந்து நின்னுடுச்சு."

"இந்த உளுந்துக்கு யாராவது இப்பத் தண்ணி வைப்பாங்களா?"

"வைக்க மாட்டாங்கன்னு தெரியுங்க. வாடுதேன்னு பயந்துட்டேன்."

"காலையில கேட்டேனே."

"சொன்னா மிஷின எறக்க மாட்டீங்கன்னு..."

இறக்கியிருக்க மாட்டேன்தான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பொய் சொல்லி என் மிஷினைச் சேற்றில் இறக்கினாயே என்றேன். நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவள் நீ என்றே பேசினேன். கூட வந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிற்பாடு யோசித்திருக்கிறேன். அந்த வயலில் நட்டது, பறித்தது, அறுத்தது எல்லாம் அவர் வீட்டு ஆட்கள். மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதை மட்டும் என்றைக்கும் வேறொருவர்தான் வரப்பில் நின்று சொன்னார். முதல் தடவையாக அதை அவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது, கேட்பதற்கும் ஆளில்லை. ஆனால் இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்பறமாத் திட்டுங்கக்கா. எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இப்ப எடுக்க வழி பாருங்க."

அவர் சொன்னது சரி. அதற்காகவும் கோபம் வந்தது.

பக்கத்து ஊரில் இன்னொரு டிராக்டர் இருந்தது. கூப்பிட்டால் வந்துவிடும். ஆனால் அது இந்தச் சேற்றுக்கு முன்னால் வந்து நின்று இழுக்க வேண்டுமென்றால் முடித்துவிட்டு வந்த மேட்டுப் பக்கத்தைக் குறுக்கே மிதித்துக்கொண்டுதான் வரவேண்டும். வெயில் பட ஆரம்பித்திருந்த முளைகள் அவை. நான் அவரைப் பார்த்தேன், அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். வந்த தடத்திலேயே பின்னால் போவதுதான் ஒரே வழி. பேலரை இழுத்துக்கொண்டு முன்னால் போவது சுலபம். அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் போகும்போது ஸ்டியரிங் ஒரு விரல் தப்பினாலும் பேலர் பக்கவாட்டில் மடங்கும். மடங்கினால் அப்புறம் அன்றைக்கு எதுவும் நடக்காது.

பேலருக்குள் பாதி உருண்டிருந்த வைக்கோலை வெளியே தள்ளினேன். "கட்டக் கொண்டாங்க" என்றேன். வரப்பில் அடுக்கியிருந்ததில் ஏழெட்டுக் கட்டுகளைத் தூக்கி வந்தார்கள். நூலை அறுத்து, வைக்கோலைப் பிரித்து, சக்கரத்துக்குப் பின்னால் திணித்தோம். திணிக்கத் திணிக்கச் சேறு விழுங்கியது. அந்த அம்மா சேற்றில் முழங்கால் புதைய உட்கார்ந்து இரண்டு கையாலும் டயருக்கு அடியில் அடைத்தார். நான் வண்டியில் ஏறி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, கிளட்சை மெல்ல விட்டேன். சக்கரம் அசைந்தது. வைக்கோல் நசுங்கும் சத்தம் கேட்டது. ஒரு முழம் ஏறி, அரை முழம் வழுக்கியது. மறுபடி அடைத்தார்கள். மறுபடி விட்டேன். கொழுந்தன் பேலருக்குப் பின்னால் தள்ளி நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் கையைத் தவிர உலகத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ சக்கரம் கெட்டி மண்ணைப் பிடித்தது. அப்படியே தடம் மாறாமல் பின்னாலேயே போய் வரப்போரம் நிறுத்திவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

பள்ளத்தில் இன்னும் ஏழெட்டு வரிசை அப்படியே கிடந்தது. காற்றில் மழை வாசனை வந்துவிட்டது.

"மிஷின இங்கயே நிறுத்தி ஓட விடுங்க அண்ணி. நாங்க வைக்கோல அள்ளிக் கொண்டாந்து பல்லுல குடுக்கறோம்" என்றார் கொழுந்தன். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

"ஆமாங்கக்கா, நாங்க குடுக்கறோம்" என்று அவரும் சேர்ந்துகொண்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்.

சுற்றுகிற பல்லுக்குப் பக்கத்தில் சேலை கட்டிய ஐந்து பேரை நிறுத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை. முந்தானை நுனி சிக்கினால் போதும், நான் கிளட்சை மிதிப்பதற்குள் கை உள்ளே போய்விடும். "முடியாது" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். "முடியாதுன்னா முடியாது. சாவியை எடுத்துட்டேன்" என்றேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் எல்லோரும் வைக்கோலைக் கட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கட்ட வேண்டியது என் பிழைப்பு, லாரிக்காரரின் பிழைப்பு. உளுந்துக்கு வைக்கோல் மேலே இல்லாமலிருந்தால் போதும்.

"வைக்கோல் போனாப் போகுது. தூக்கி வரப்புல போடுங்க. இழுக்காதீங்க, மொள வந்துடும். மேலாகத் தூக்குங்க."

நானும் இறங்கினேன். கொழுந்தன் வியாபாரிக்குப் போன் போட்டு இனிமேல் கட்டு இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் கத்தியதைப் போனோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். குனிந்து, இரண்டு கையையும் வைக்கோலுக்கு அடியில் விட்டு, அணைத்துத் தூக்கி, தடத்திலேயே நடந்து வரப்பில் எறிந்துவிட்டுத் திரும்பி ஓடினோம். தாளின் முனை கையெல்லாம் கீறியது. ஒவ்வொரு வரிசை நகர்ந்ததும் அடியில் வெளுத்த முளைகள் வெளிச்சத்துக்கு வந்தன.

மழை முதலில் தூறலாக வந்தது, உடனே வலுத்தது. கையில் இருந்த வைக்கோல் கனத்தது. மூன்று வரிசை மிச்சம், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நான் கடைசி வரிசையை நோக்கிப் போனேன். தடம் எங்கே, முளை எங்கே என்று தெரியாத அளவுக்கு மண் குழைந்துவிட்டது. கால் வைத்த இடமெல்லாம் பள்ளம் விழுந்தது.

"போதும். எல்லாரும் ஏறுங்க."

குரல் கொடுத்தது அந்த அம்மாதான். நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு வரிசைதான. நான் போயி எடுத்துடறேன்."

அவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஐஸாக இருந்தது.

"வேணாங்கக்கா. அதுக்காக இன்னொரு தரம் நடந்தா இதெல்லாம் செத்துடும். அது போகட்டும். நீங்க ஏறுங்க."

ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போனவர் கால் வைத்த குழியிலேயே கால் வைத்து வரப்பேறினோம். அவர் கடைசியாக ஏறினார். மழையில் நின்றுகொண்டு அந்த ஒரு வரிசையையே பார்த்தார். சேற்றில் வைத்துத் திட்டியதற்கெல்லாம் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே போய் டிராக்டரைக் கிளப்பினேன்.

மாசிக் கடைசியில் அந்த வழியாகப் போகும்போது டிராக்டரை நிறுத்திவிட்டு வரப்புக்குப் போனேன். நிலக்காரர் வந்திருந்தார். அவர் வரப்பில் நிற்க, இந்த அம்மா வயலுக்குள் நின்றார். மேட்டுப் பக்கம் உளுந்து தரை தெரியாமல் நின்றது. பள்ளத்தில் அங்கங்கே சொட்டையாக இருந்தாலும் பச்சை இருந்தது. டிராக்டர் புதைந்த இடம் வெறும் குழி. அதைத் தாண்டி ஒரு வரிசை வைக்கோல், வயலின் நீளத்துக்கும் அழுகிக் கறுத்துக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"என்னம்மா, ஒரு வரிசைய எடுக்காம அப்படியே போட்டுட்ட?" என்று கேட்டார் நிலக்காரர்.

அந்த அம்மா மழை என்று சொல்லியிருக்கலாம். மிஷின்காரி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றும் சொல்லியிருக்கலாம். நானே வாயைத் திறந்து, மிஷின் இறங்கவில்லை என்று சொல்லப் போனேன்.

"நாந்தாங்க வேணாம்னு சொன்னேன்" என்றார் அவர். "அத எடுக்கப் போயிருந்தா இது எதுவும் நின்னுருக்காது."

நிலக்காரர் கறுத்த வரிசையையும் அதற்கு இந்தப் பக்கம் இருந்த பச்சையையும் மாறி மாறிப் பார்த்தார். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்தார்.

"சரி. குறுவைக்கு எப்ப நாத்து விடப்போற?"

அந்த அம்மா குனிந்து ஒரு களையைப் பிடுங்கினார். அதை வரப்பில் எறியவும் மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.